தூய்மைப் பணியாளர்களை எழுத்தறிவு வகுப்புக்கு வரவைப்பது எப்படி?

நகராட்சி வகுப்பு வைத்தும் ஆள் வரவில்லை என்கிறீர்கள். முதலில் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலையில் தெருவில் இறங்கியவரை மாலை ஆறு மணிக்கு அழைத்தால் எப்படி வருவார்? வார்டு அலுவலகத்தில், வருகைப் பதிவு முடிந்ததும், சம்பள நேரத்திலேயே அரை மணி ஒதுக்குங்கள். இது சலுகை அல்ல, வேலையின் பகுதி.

அரிச்சுவடி வேண்டாம். அவரவர் சம்பளச் சீட்டையே பாடமாக வையுங்கள். வருங்கால வைப்புநிதிக்கு (பி.எஃப்.) எவ்வளவு பிடித்தார்கள் என்று தன் விரலாலேயே தொட்டுப் படிக்கட்டும். அடுத்து, பிளீச்சிங் பவுடர் மூட்டையில் உள்ள எச்சரிக்கை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்களும் ஆர்வமாக வந்தார்கள். கையோடு பயன் தெரிந்தால் கூட்டம் தானாகச் சேரும்.

இன்னொன்று: மேற்பார்வையாளர் முன்னால் யாரையும் வாசிக்கச் சொல்லாதீர்கள். கூச்சப்பட்டவர் மறுநாள் வரமாட்டார்.