பொலிஸ் நிலையத்தில் உங்கள் மொழி: வாசகர் கேள்விகளுக்குச் சட்டத்தரணியின் பதில்

தங்கச்சி தமிழில் முறைப்பாடு சொன்னாள், அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். விளங்காமலேயே கையெழுத்து வைத்துவிட்டாள். இது சரியா? (ஹட்டன்)

சரியில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆவது பிரிவைப் பாருங்கள். வாய்மொழியாகச் சொல்வதைச் சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். அதிகாரிக்குத் தமிழ் எழுத வராவிட்டால், உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதத் தெரியாது என்று நீங்கள் சொன்னால்தான் வேறு மொழி. அப்போதும் காரணத்தைக் குறித்துவிட்டு, உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும்.

இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘கையைப் பிடித்து இழுத்தார்’ என்று ஒரு கொழுந்து பறிக்கும் பெண் சொன்னது, ‘வாய்த்தர்க்கம்’ என்று பதிவாகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வழக்கு அந்த ஒரு சொல்லிலேயே செத்துப்போகும். அதனால் லயத்திலேயே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொண்டுபோங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதிவு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். தங்கச்சி திரும்பவும் போய், விடுபட்டதைச் சொல்லி மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம்.

பொலிஸாரின் பயிற்சியைக் கண்காணிப்பது யார்? (பதுளை)

பயிற்சி கொடுப்பது பொலிஸ் திணைக்களம். களுத்துறைப் பொலிஸ் கல்லூரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் பயிற்சி, நடத்தை விதிகள், ஒழுக்காற்று நடைமுறை ஆகியவற்றைப் பொலிஸ்மா அதிபருடன் கலந்து தீர்மானிக்க வேண்டியது தேசிய பொலிஸ் ஆணைக்குழு. 2001இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் கொண்டுவந்த இந்த ஆணைக்குழுவின் அதிகாரத்தை 2010இல் 18ஆவது திருத்தம் பிடுங்கியது. 2015இல் 19ஆவது திருத்தம் திருப்பித் தந்தது. இப்படி இழுபறிப்பட்டால் எந்தப் பயிற்சித் திட்டம்தான் வேர்விடும்?

இடமாற்றமும் ஆணைக்குழுவின் கையில்தான். தோட்டப் பகுதி நிலையங்களில் முறைப்பாடு எழுதும் மேசைக்கு, தமிழில் எழுதத் தெரிந்தவரையே போட வேண்டும் என்பதை அது விதியாக்க வேண்டும். தமிழ் அரசகரும மொழியாகி 1987 முதல் எத்தனை வருடம் போய்விட்டது!

பொலிஸ்மா அதிபரையும் ஆணைக்குழு விசாரிக்குமா? (பண்டாரவளை)

இல்லை, அவர் மட்டும் விதிவிலக்கு. அவரை நீக்குவது பாராளுமன்றம். பொலிஸ்மா அதிபராக இருந்த தேசபந்து தென்னகோன் 2025 ஆகஸ்டில் அப்படித்தான் நீக்கப்பட்டார்.

தம்பியை நிலையத்தில் அடித்துவிட்டார்கள். என்ன செய்யலாம்? (நாவலப்பிட்டி)

முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி. அடித்தது யார், எங்கே என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்கு 7 முதல் 10 வருடம் வரை சிறை.

அடிப்படை உரிமை வழக்கை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். கொழும்புக்குப் போகக் காசில்லையா? அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. தமிழிலேயே எழுதலாம். நாள், நேரம், நிலையம், தெரிந்தால் அதிகாரியின் இலக்கம், பார்த்தவர்களின் பெயர் எல்லாம் இருக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.