டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் மடித்துணி என்பது என்ன? அது எதற்கு?

டிமென்ஷியா வந்த சிலருக்குக் கை சும்மா இருக்காது. முந்தானையைச் சுருட்டும், போர்வையைப் பிய்க்கும். அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுக்க பட்டன், ஜிப், நாடா எல்லாம் வைத்துத் தைத்த, மடியில் விரிக்கும் துணிதான் இது.

அல்சைமர் என்ற டிமென்ஷியா வகையில், புதிய நினைவுகளைப் பதியும் மூளைப் பகுதி சீக்கிரமே பழுதாகிறது. கைப்பழக்கம் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால் கூடுதல் காலம் தங்கும். பினாங்குப் பாலத்தில் நெரிசல் என்றால் மோட்டார் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் போவதில்லையா, அது மாதிரி. காலையில் சாப்பிட்டதை மறந்த என் பாட்டி, நாடாவைக் கொடுத்தால் பூக்கட்டுகிற மாதிரி முடிச்சுப் போடுவார்.

துணி பழையதாக இருக்கட்டும். லெபோ பாசார் கடைத்தெருவில் வாங்கிய பளபள சாட்டினைப் பாட்டி தள்ளிவிட்டார். அவருடைய சுங்குடிச் சேலையின் கரையை மட்டும் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், பட்டனை இரட்டை நூலில் தைத்து, இழுத்துப் பாருங்கள். சின்ன மணிகள் வேண்டாம், வாயில் போட்டுவிடுவார்கள்.

இதனால் ஞாபகம் திரும்பிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். திரும்பாது, கையின் தவிப்புதான் கொஞ்சம் அடங்கும்.