வாங்கும் முன் கேளுங்கள்: விமான சிமுலேட்டருக்கு மேசையும் நாற்காலியும்

ஜக்கூரில் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்தும், எலகங்கா விமானக் கண்காட்சிக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போயும் வளர்ந்த பிள்ளைகள் பெங்களூரில் நிறைய உண்டு. அவர்கள் இப்போது சம்பாதிக்கிறார்கள். வேலை முடிந்ததும் கணினி முன் உட்கார்ந்து விமானம் ஓட்டுகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். எல்லாவற்றையும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி), த்ராட்டில் (என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) இரண்டையும் வாங்கிச் சாப்பாட்டு மேசையில் மாட்டினேன். ஒரு மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. நல்ல நாற்காலி வாங்கினால் சரியாகுமா? என்ன விலையில் பார்க்கலாம்?
வாசகர், அல்சூர்

பதில்: நாற்காலிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கோளாறு மேசையில் இருக்கிறது. ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். சராசரி உயரமுள்ள ஆணுக்கு 26 அங்குலம் போல வரும். நம் ஊர்ச் சாப்பாட்டு மேசை 30 அங்குலம். அதன்மேல் யோக்கை வைத்தால் கை பிடிக்கும் இடம் இன்னும் நாலைந்து அங்குலம் ஏறும். முழங்கைக்கு எட்டு அங்குலம் மேலே கையைத் தூக்கியபடி ஒரு மணி நேரம் இருந்தால் எந்தத் தோள்தான் தாங்கும்? செஸ்னா 172-இல் யோக் பேனலிலிருந்து வருகிறது, போயிங் 737-இல் தரையிலிருந்து எழும் தண்டின் மேல் இருக்கிறது. இரண்டிலுமே விமானியின் கை தொடைக்குச் சற்று மேலேதான் நிற்கும், நெஞ்சுக்கு நேராக இல்லை.

நாற்காலியை உயர்த்தலாமே என்று தோன்றும். உயர்த்தினால் கால் தொங்கும், ரட்டர் பெடலுக்கு (விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பக் காலால் மிதிப்பது) அடியிலும் பலகை போட வேண்டிவரும். அதைவிட, 25 அல்லது 26 அங்குல உயரத்தில் தனி மேசை ஒன்று செய்துகொள்ளுங்கள். அதற்கும் கீழே போனால் தொடை இடிக்கும். வீட்டில் பழைய மர மேசை இருந்தால் தச்சரைக் கூப்பிட்டு நாலு காலையும் நாலு அங்குலம் அறுக்கச் சொன்னால் அரை மணி நேர வேலை. மானிட்டரைத் தனியாக உயர்த்திக்கொள்ளலாம்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். சில வருடங்களுக்கு முன் மோட்டாரில் ஏறி இறங்கும் மேசை ஒன்றை 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். எவ்வளவு உயரம் ஏறும் என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எவ்வளவு இறங்கும் என்று நான் கேட்கவே இல்லை. 28 அங்குலத்தோடு நின்றுவிட்டது. பலகைக்கு அடியில் முன் விளிம்பை ஒட்டியே இரும்புச் சட்டம் ஓடியதால், யோக்கை மேசை விளிம்போடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் கவ்வவும் இடமில்லை. எட்டு மாதம் வைத்திருந்து பாதி விலைக்கு விற்றேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. ஏறி இறங்கும் மேசை வாங்குகிறவர்கள் குறைந்தபட்ச உயரத்தைக் கேளுங்கள், பலகையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: ரட்டர் பெடலை மிதித்தால் நாற்காலி பின்னால் ஓடுகிறது. தரை வழுவழு டைல்ஸ். இதற்கென்று தனி நாற்காலி விற்கிறார்களா?
வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: தேவையில்லை. சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான ஆபீஸ் நாற்காலிகளில் சக்கரம் வெறுமனே செருகித்தான் இருக்கும், பலமாக இழுத்தால் வந்துவிடும். அந்த இடத்தில் மாட்ட ரப்பர் புஷ் கிடைக்கிறது. பெடல் முன்னால் நகர்ந்தால் அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு பலகையை முட்டுக்கொடுங்கள்.

கேள்வி: கண்ணாடி மேசையில் கிளாம்ப் போடலாமா? இரண்டு பக்கமும் ரப்பர் வைத்தால் பரவாயில்லையா?
வாசகர், விவேக் நகர்

பதில்: கூடாது. ரப்பர் வைத்தாலும் கூடாது.

கேள்வி: ஆன்லைனில் 'உறுதியான மர மேசை' என்று போட்டிருந்ததைப் பார்த்து 11,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஜாய்ஸ்டிக் (யோக்குக்குப் பதிலாகப் பிடிக்கும் குச்சி போன்ற கைப்பிடி) கிளாம்ப் மாட்டி மூன்று மாதத்தில் விளிம்பு நொறுங்கிப் பள்ளமாகிவிட்டது. 'அது இன்ஜினியர்டு வுட், நீங்கள் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்' என்கிறார் விற்றவர்.
வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: இந்த 'இன்ஜினியர்டு வுட்' என்ற பெயரைப் பார்த்தாலே எனக்கு ஆற்றாமையாக வருகிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளைவுட்டும் அந்தப் பெயருக்குள் அடங்கும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப்பும் அடங்கும், மரத்துருவலைப் பசையில் குழைத்து அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டும் அடங்கும். மூன்றுக்கும் விலையில் எவ்வளவோ வித்தியாசம், பலத்தில் அதைவிட அதிகம். விற்கிறவருக்கு எது என்று தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே பொதுப்பெயரைப் போடுகிறார்கள். மேலே தேக்கு வரி ஓடும் ஒரு காகிதத்தை ஒட்டி, படத்தில் ஒரு பூந்தொட்டியையும் வைத்துவிட்டால் யாருக்கும் மரமாகத்தான் தெரியும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மேசையில் வயர் போக வட்டமாக ஓட்டை போட்டு பிளாஸ்டிக் மூடி வைத்திருப்பார்கள். மூடியை நெம்பி எடுத்துவிட்டு வெட்டிய முகத்தைப் பாருங்கள். பிளைவுட் என்றால் ஏடு ஏடாக அடுக்குத் தெரியும். பார்ட்டிக்கிள் போர்டு என்றால் பொரிவிளங்காய் உருண்டையை உடைத்தாற்போல் துகள் துகளாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் உதிரும். படிப்பு மேசைக்கு அது போதும், புத்தகம் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறது. ஜாய்ஸ்டிக் கிளாம்ப் அப்படியில்லை. விளிம்பில் இரண்டு அங்குல இடத்தைக் கவ்விக்கொண்டு, நீங்கள் இழுக்கும்போதும் தள்ளும்போதும் நெம்புகோல் மாதிரி நெம்பும். உள்ளே துகள் பொடியும், பொடிந்த இடம் தளரும், தளர்ந்ததே என்று நீங்கள் இன்னும் முறுக்குவீர்கள். மழைக்காலத்து ஈரம் ஏறினால் சீக்கிரமே ஊதிப்போகும்.

மர மேசை என்று சொல்லி விற்றவர், உடைந்த பிறகு இன்ஜினியர்டு வுட் என்று சொல்வது உங்களுக்குச் சாதகம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கம் மாறுவதற்குள் அதைப் படம் பிடித்து வையுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதுவரைக்கும் கிளாம்பை வேறு இடத்துக்கு மாற்றி, மேலும் கீழும் ஓர் அடி நீளத்துக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு வைத்து மாட்டுங்கள். அழுத்தம் பரவும். புதிதாகச் செய்வதானால் 18 மில்லிமீட்டர் பிளைவுட், ஐஎஸ் 303 அல்லது ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்டது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஜாய்ஸ்டிக் மவுண்ட் (ஜாய்ஸ்டிக்கை மேசையில் பொருத்தும் தாங்கி) வரவழைத்தேன். சுங்க வரியோடு 19,000 ஆனது. என் மேசைப் பலகைக்கு அது சேரவில்லை, பலகை தடிமன் அதிகம். எவ்வளவு தடிமன் வரை பிடிக்கும் என்று போட்டிருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாமா?
வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: எதை வைத்து வழக்குப் போடுவீர்கள்? அளவைப் போட்டிருந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 19,000 ரூபாய் கொடுப்பதற்கு முன் மேசை விளிம்பில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். மாதம் நாலு கடிதமாவது இப்படி வருகிறது. கிளாம்ப் கவ்வும் இடத்தில் மட்டும் பலகையின் அடிப்பக்கத்தை ராவிக் கொடுக்கத் தச்சரால் முடியும். அதைச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு ஏர்பஸ் ஏ320 விமானம்தான் பிடிக்கும். ஸ்டிக்கை எந்தப் பக்கம் வைப்பது? நான் வலது கைக்காரன்.
வாசகர், ஜீவன்பீமா நகர்

பதில்: கேப்டன் இடப்பக்க இருக்கையில் இடது கையால் ஸ்டிக் பிடிப்பார், துணை விமானி வலப்பக்கத்தில் வலது கையால். வலது கைக்கென்றே வார்த்த கைப்பிடியை இடது கையால் பிடித்தால் கட்டைவிரல் வலிக்கும். இடப்பக்கம்தான் வேண்டும் என்றால் இரண்டு கைக்கும் பொருந்தும் டி.16000எம் போன்ற ஜாய்ஸ்டிக்கைப் பாருங்கள். எங்கே வைத்தாலும் முன்கை முழுவதும் எதன்மீதாவது படிந்திருக்கட்டும். அசல் விமானத்திலும் அங்கே கை தாங்கி இருக்கிறது.

கேள்வி: சிவாஜிநகர் குஜரியில் (பழைய சாமான் சந்தை) பழைய கார் சீட் மலிவாகக் கிடைக்கிறது. அதை மரச்சட்டத்தில் பொருத்தி விமானி இருக்கை ஆக்கலாமா சார்?
கல்லூரி மாணவர், ஃபிரேசர் டவுன்

பதில்: நல்ல யோசனை தம்பி. முன்பக்க சீட்டாக, அடியில் உள்ள தண்டவாளத்தோடு கேட்டு வாங்குங்கள். பெடலுக்கு ஏற்றபடி முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஓட்டுநர் சீட் அதிகம் அமுங்கியிருக்கும், பக்கத்து சீட்டின் பஞ்சு நன்றாக இருக்கும். புதிய கார்களின் சீட்டை மட்டும் தொடாதீர்கள். பலவற்றில் ஏர்பேக் சீட்டின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. அது வெடித்து விரியும் பொருள், வீட்டில் வைத்துத் திருகவும் துளை போடவும் கூடாது. பழைய மாருதி 800 சீட்டில் அந்தப் பயம் இல்லை. கார் சீட் தாழ்வாக இருக்கும் என்பதால் மேசையை அதற்கேற்ப இறக்க வேண்டும். முதலில் சீட், பிறகு மேசை.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாவது முடித்திருக்கிறான், பைலட் ஆக ஆசை. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்து, இந்த சிமுலேட்டரில் ஓட்டும் நேரம் லைசென்ஸுக்குக் கணக்கில் சேரும், பயிற்சிக் கட்டணம் பாதியாகும் என்றார். நகையை அடகு வைத்து 1,85,000 ரூபாய் கட்டினோம். இருக்கை, பெடல், மூன்று திரை எல்லாம் மாட்டிக் கொடுத்தார்கள். ஃப்ளையிங் ஸ்கூலில் கேட்டால் ஒரு மணி நேரம்கூடச் சேராது என்கிறார்கள். கம்பெனிக்காரர் போனை எடுப்பதில்லை.
ஒரு தாய், ஸ்ரீராமபுரம்

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பிள்ளையின் ஆசையைக் காட்டி உங்கள் நகையைப் பறித்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

ஃப்ளையிங் ஸ்கூலில் சொன்னது சரி. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சிக் கருவியில் செய்யும் பயிற்சிக்கு மட்டும் ஒரு வரம்புக்குள் இடம் உண்டு. வீட்டில் மாட்டும் கருவி எதுவும் அதில் வராது. சேரும் என்று சொல்லி விற்றது நியாயமற்ற வணிக முறை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய எதையும் அழிக்காதீர்கள். குரல் செய்தி இருந்தால் அதுதான் பெரிய சாட்சி. விளம்பர நோட்டீஸ், ரசீது, பணம் போன வங்கிக் கணக்கு, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் நகல் எடுங்கள். கருவியைத் திருப்பித் தருகிறேன், 15 நாளில் பணத்தைக் கொடுங்கள் என்று ஸ்பீடு போஸ்டில் கடிதம் போடுங்கள். பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்து வாங்காமல் கருவியை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தால் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. அந்தக் கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நகைக்குக் கட்டிய வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.

நடந்ததை வரிசையாகத் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள், மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன். இன்னொன்று, வேறு எங்கேயும் பணம் கட்டும் முன் பையனுக்கு டிஜிசிஏ மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அதில் தேறாமல் கட்டணத்தைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் பழைய த்ராட்டில் 4,000 ரூபாய்க்குச் சொல்கிறார்கள். கடையில் நின்று எப்படிச் சோதிப்பது?
வாசகர், பனசங்கரி

பதில்: லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போங்கள். யுஎஸ்பியில் செருகி, விண்டோஸ் ரன் பெட்டியில் ஜாய்.சிபிஎல் (joy.cpl) என்று ஆங்கிலத்தில் தட்டினால் கருவிகளின் பட்டியல் வரும், அதில் த்ராட்டிலைத் தேர்ந்து ப்ராப்பர்ட்டீஸை அழுத்தினால் சோதனைத் திரை வரும். நெம்புகோலை மெல்ல, மிக மெல்ல நகர்த்துங்கள். திரையில் கோடு சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் உள்ளே நெம்புகோலின் நிலையை உரசி அறியும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது அல்லது தூசி அடைந்திருக்கிறது. காந்த சென்சார் உள்ளவற்றில் உரசும் பாகம் இல்லாததால் இந்தத் தேய்மானம் வராது. நான் ஒருமுறை அவசரத்தில் செருகிப் பார்க்காமல் வாங்கினேன். தரையிறங்கும் நேரத்தில் என்ஜின் தானாக முழு வேகத்துக்குப் போனது. செருகிப் பார்க்க விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.