மழையில் பிக்ஹார்ன் ஆறு: படகுப் பயணம் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

அக்டோபர் நடுவில் எட்டுப் பேர் மொன்டானாவின் பிக்ஹார்ன் ஆற்றில் ஒரு நாள் முழுக்கப் படகில் மிதந்தபடி ஃப்ளை தூண்டில் (பூச்சி போலக் கட்டிய போலி இரை கோத்த தூண்டில்) போடப் போகிறார்கள். அன்றைக்கு மழை, 5 டிகிரி குளிர், பிற்பகலில் காற்று என்கிறது வானிலை அறிவிப்பு. அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பதினொரு வருடமாக அங்கே துடுப்புப் போடுகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

மழை பெய்தால் ஆறு கலங்கிவிடாதா? பயணத்தைத் தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போடாதீர்கள். இது அணைக்குக் கீழே ஓடும் ஆறு. 525 அடி உயர யெல்லோடெயில் அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வண்டலை அங்கேயே படியவிட்டுத் தெளிந்து வருகிறது. அதனால் மேல்பகுதி மழையிலும் லேசில் கலங்காது. கீழே சோப் க்ரீக் ஓடை வந்து சேர்கிற இடத்திலிருந்துதான் கனமழைக்குப் பிறகு சேறு வரும்.

மேகமூட்டத்தில் மீன் நன்றாக எடுக்கும் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

இந்த ஆற்றில், இந்த மாதத்தில், உண்மை. ப்ளூ விங்டு ஆலிவ் என்ற குட்டி மேஃப்ளைப் பூச்சி தூறல் நாளில்தான் கூட்டமாக வெளிவரும். ஈரக் குளிரில் அதன் சிறகு சீக்கிரம் காயாது, பறக்க முடியாமல் நீர்மேல் நெடுந்தூரம் மிதந்து வரும். ட்ரவுட் மீன்கள் வரிசையாக நின்று மூக்கை நீட்டி உறிஞ்சும். அதைப் பார்க்கத்தான் நான் வெயில் நாளை விட்டுவிட்டு மழை நாளில் போகிறேன். தூண்டில் முள்ளின் அளவு எண் 18 முதல் 22 வரை, அதாவது மிகச் சிறியது. பூச்சி எழும்பாத காலை நேரத்தில், கூனி இறால் மாதிரி இருக்கும் ஸ்கட்டைப் போலக் கட்டிய ஃப்ளையை ஆழத்தில் விடுங்கள்.

எட்டுப் பேருக்கு எத்தனை படகு?

நான்கு. ஒரு படகில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் துடுப்புக்கு ஒரு வழிகாட்டி. அவர் ஆறு போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, ஓட்டத்துக்கு எதிராக இழுத்துப் படகை மெதுவாக்குவார். புதியவரை முன்னால் உட்கார வையுங்கள், வழிகாட்டியின் கண்ணெதிரில் இருப்பார்.

காற்றில் வீசும்போது முள் அடுத்தவர் மேல் பட்டுவிடுமே?

படும். ஒரு நண்பரின் காது மடலில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கியிருந்ததால் வலிக்காமல் கழன்று வந்தது. எல்லோரும் கண்ணாடி போடுங்கள். ஒருவர் வீசி முடித்த பிறகே மற்றவர் வீசட்டும். தூண்டில் நரம்பின் நீளத்தைக் குறைத்து, கோலைப் பக்கவாட்டில் தாழ்த்தி வீசுங்கள்.

அப்பாவும் வருகிறார், வயது 66. குளிர் தாங்குவாரா?

உடை சரியாக இருந்தால் தாங்குவார். பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் மழைக்கோட்டு. தண்ணீர் புகாத பையில் இன்னொரு செட் உடை. தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டைக்கு (வேடர்) இடுப்புப் பட்டை, எப்போதும் உயிர்காப்பு அங்கி.

ஆனால் நான் பயப்படுவது உடையைப் பற்றி அல்ல, "பரவாயில்லை" என்ற சொல்லைப் பற்றி. ஒரு வருடம் எங்களோடு வந்த பெரியவர் காலை முழுக்க அதைத்தான் சொன்னார். பிறகு விரல் முடிச்சுப் போட மறுத்தது, பேச்சு குழறியது. படகுத் துறை பக்கத்தில் இருந்ததால் ஹீட்டர் போட்ட வண்டியில் ஏற்றிவிட்டோம்.

அணைக்குக் கீழே உள்ள ஆஃப்டர்பே துறையில் புறப்பட்டால் 3 மைலில் ஒரு துறை, அடுத்தது 13 மைலில். இடையில் கரையேறிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். இது க்ரோ பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் ஓடும் ஆறு. கரையில் ஆற்றுநீர் ஏறும் எல்லையான வெள்ளக் கோட்டுக்கு மேலே நாம் கால் வைக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறு. அதனால் 3 மைல் துறையில் எல்லாப் படகும் நிற்கட்டும். அப்பாவிடம் "குளிருதா?" என்று கேட்காதீர்கள், சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு முடியவில்லை என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கார்களில் ஒன்றை முன்கூட்டியே அந்தத் துறையில் நிறுத்திவிடுவது அவசியம்.

இடி இடித்தால்?

கோலை உடனே கீழே வையுங்கள், கிராஃபைட்டில் மின்சாரம் பாயும். கரை ஒதுங்கி, தனி மரத்தடியைத் தவிர்த்து, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

வாடகைப் படகு எடுத்து நாங்களே ஓட்டலாமா?

காற்று நாளில் முதல்முறையாக வேண்டாம். வேகமான ஓட்டத்தில் ஒரு புதியவர் நங்கூரத்தைப் போட்டால் படகின் பின்பக்கம் அமிழ்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

மதியம் என்ன சாப்பிடலாம்?

சாண்ட்விச்சை அந்தக் குளிரில் யாரும் தொட மாட்டார்கள். படகுக்கு ஒரு பெரிய பிளாஸ்கில் மிளகு ரசம், இன்னொன்றில் இஞ்சி டீ. ரசத்தை 3 மைல் துறையில் திறவுங்கள், டீ கடைசி 5 மைலுக்கு இருக்கட்டும்.