எம்எம்ஏ வீரரின் கைக்கு எவ்வளவு காசு வருகிறது? கேள்வி பதில்

கல்லடியில் பொடியன்மாருக்குக் கிக்பொக்சிங் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து கையுறையைக் கழற்றும் நேரத்தில், குத்து உதை பற்றிக் கேட்பவர்களைவிட எம்எம்ஏக்காரர்களின் காசு பற்றிக் கேட்பவர்கள்தான் கூட. எம்எம்ஏ என்றால் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் பிடிக்கும் சண்டை. சரி, எல்லாரும் கேளுங்கள், எழுதிப் போடுகிறேன் என்று கழகத்து வாட்ஸ்அப்பில் சொன்னேன். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கமும் இருந்து கேள்விகள் வந்தன. டொலரை 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

களுவாஞ்சிகுடி: யூஎப்சி வீரர்களுக்கு மாதச் சம்பளமா, வருசச் சம்பளமா அண்ணன்?

இரண்டும் இல்லை தம்பி. யூஎப்சி என்பது எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் பெரிய அமெரிக்க நிறுவனம். சண்டைக்குச் சண்டை காசு. அவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஈபிஎப், ஈடிஎப் போன்ற ஊழியர் சேமிப்பு நிதி எதுவும் இல்லை. சண்டை கிடைக்காத மாதத்தில் வருமானமும் இல்லை. புதியவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு சண்டைக்கு ஒப்பந்தம் எழுதுவார்கள். ஆனால் இடையில் தோற்றால் நிறுவனம் வெட்டிவிடலாம். வீரர் தன் பாட்டில் விலகி வேறு இடத்தில் இறங்க முடியாது.

ஆரையம்பதி: "பன்னிரண்டும் பன்னிரண்டும்" என்று சொல்கிறார்களே, அது என்ன?

கூண்டுக்குள் இறங்கினால் 12,000 டொலர், வென்றால் இன்னொரு 12,000. யூஎப்சிக்குள் புதிதாக வருபவர்கள் பலர் இந்த அளவில், அல்லது பத்தும் பத்துமாகத் தொடங்குகிறார்கள். வெல்ல வெல்ல அடுத்த சண்டைக்குத் தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

எனக்கு இந்த முறையில் உடன்பாடு இல்லை. மூன்று சுற்றும் நெருக்கமாகப் போன சண்டையில், ஒரு நடுவர் ஒரு சுற்றை மற்றவருக்குப் போட்டாலே பாதிக் காசு பறந்துவிடும். இருவரும் நின்றது அதே பதினைந்து நிமிடம், வாங்கியது அதே அடி. கையில் பலம் வந்த வீரர்கள் முதலில் மாற்றக் கேட்பது இதைத்தான்: வென்றாலும் தோற்றாலும் ஒரே தொகை.

அக்கரைப்பற்று: எப்படியும் வென்றவருக்குத்தானே கூடக் காசு?

அப்படி ஒரு சட்டமும் இல்லை. 2016 டிசம்பரில் பெண்கள் பிரிவின் பெரிய நட்சத்திரம் ரொண்டா ரவுசி, அமண்டா நூனெஸிடம் 48 விநாடியில் தோற்றார். சண்டைகளை மேற்பார்க்கும் நெவாடா மாநில ஆணையம் வெளியிட்ட கணக்கில் தோற்றவருக்கு 30 லட்சம் டொலர். வென்ற நூனெஸுக்கு, அப்போதே அவர்தான் சம்பியன், வெற்றிப் பணத்தோடு சேர்த்து 2 லட்சம். சனம் யாரைப் பார்க்க வருகிறதோ அவருக்குத்தான் காசு.

காத்தான்குடி: 12,000 டொலர் என்றால் 36 லட்சம் ரூபா! தோற்றாலும் நல்ல காசுதானே?

எல்லாரும் இந்த இடத்தில்தான் வாயைப் பிளக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், கழித்துப் பார்ப்போம்.

வெளிநாட்டு வீரர் அமெரிக்காவில் சண்டை பிடித்தால், பொதுவாக 30 சதவீதம் வரியாக அங்கேயே பிடிபடும். அது 3,600 டொலர். மெனேஜருக்கு 10 முதல் 20 சதவீதம். பத்து என்றே வைப்போம், 1,200. பயிற்சி தந்த ஜிம்முக்கும் கோச்சுக்கும் இன்னொரு 1,200. மிஞ்சுவது 6,000 டொலர், அதாவது 18 லட்சம் ரூபா.

இன்னும் முடியவில்லை. சண்டைக்கு முந்திய எட்டுக் கிழமை பயிற்சியில் வேறு வேலைக்குப் போக முடியாது. அந்தக் காலத்து வாடகை, சாப்பாடு, பிசியோ எல்லாம் சொந்தக் காசு. இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, மூளை ஸ்கேன் செலவும் சில வேளை வீரர் தலையில்தான் விழும். விமான டிக்கெட்டும் ஹோட்டலும் நிறுவனம் தரும், அதைச் சொல்லத்தான் வேண்டும். இப்படி வருசத்துக்கு இரண்டு சண்டை, கூடினால் மூன்று. இடையில் முழங்கால் போனால் ஒன்றும் இல்லை. 36 லட்சத்தை ஒரு மாத உழைப்பாகப் பார்க்காமல், அரை வருசத்து உழைப்பாகப் பாருங்கள். அமெரிக்க விலைவாசியில் இருப்பவருக்கு அது பெரிய தொகையே அல்ல. அங்கே பலர் பகலில் ஜிம்மில் வகுப்பு எடுத்துத்தான் சமாளிக்கிறார்கள்.

சம்மாந்துறை: போனஸ் எப்படிக் கிடைக்கும்?

அன்றிரவின் சிறந்த சண்டைக்கு இருவருக்கும், சிறந்த ஆட்டத்துக்கு வழக்கமாக இன்னும் இருவருக்கும். 2014 முதல் பத்து வருசத்துக்கு மேலாக ஒவ்வொன்றும் 50,000 டொலராகவே இருந்தது. பன்னிரண்டாயிரம் வாங்குபவருக்கு இது நான்கு சண்டைக் காசு. அதனால்தான் புள்ளிக் கணக்கில் பத்திரமாக வெல்லக்கூடியவர்கூடக் கடைசிச் சுற்றில் கையை விரித்துக்கொண்டு பாய்கிறார். கோனர் மெக்ரெகர் 2013 ஏப்ரலில் ஸ்டொக்ஹோமில் முதல் யூஎப்சி சண்டையை 67 விநாடியில் முடித்து 60,000 டொலர் போனஸ் வாங்கினார். அதுவரை அயர்லாந்தில் அரசாங்க உதவிப் பணத்தில் இருந்த ஆள்.

இதைத் தவிர, அறிவிக்காமல் தனியாகக் கொடுக்கும் காசும் உண்டு. அது நிறுவனத்தின் மனசைப் பொறுத்தது, கேட்டு வாங்கும் உரிமை வீரருக்குக் கிடையாது.

ஏறாவூர்: கோடிக்கணக்கில் வாங்குபவர்களுக்கு அந்தக் காசு எங்கிருந்து வருகிறது காக்கா?

பே-பர்-வியூ பங்கிலிருந்து. வீட்டில் இருந்து பார்ப்பவர் அந்த ஒரு நிகழ்ச்சிக்கென்று தனியாகக் கட்டும் காசு அது. சம்பியன்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் மட்டும் அதில் பங்கு எழுதுவார்கள். 2013இல் எடி அல்வாரஸ் என்ற வீரரின் வழக்கில் யூஎப்சி அவருக்குக் கொடுக்க முன்வந்த ஒப்பந்தம் வெளியே வந்தது. இறங்க 70,000, வெல்ல 70,000, கையெழுத்துக்கு இரண்டரை லட்சம் டொலர். அதற்கு மேல், விற்பனை 2 லட்சத்தைத் தாண்டினால் 4 லட்சம் வரை ஒவ்வொன்றுக்கும் 1 டொலர், 6 லட்சம் வரை 2 டொலர், அதற்கு மேல் இரண்டரை டொலர். 5 லட்சம் விற்றால் அவருக்கு மேலதிகமாக 4 லட்சம் டொலர். ஆனால் 1,90,000 விற்றால் ஒரு சதமும் இல்லை!

இப்போது அந்த ஆட்டமும் மாறுகிறது. 2025 ஓகஸ்டில் யூஎப்சி, பெரமவுண்ட் என்ற ஊடக நிறுவனத்துடன் 7 வருசத்துக்கு 770 கோடி டொலர் ஒப்பந்தம் அறிவித்தது. அதன்படி 2026 முதல் அமெரிக்காவில் தனிக் கட்டணம் இல்லை, சந்தாவிலேயே எல்லாம் அடக்கம். விற்பனைப் பங்கை நம்பியிருந்தவர்கள் இனி அதற்குப் பதிலாக என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய விசயம்.

காரைதீவு: முந்தி காற்சட்டை முழுக்க விளம்பரம் இருந்ததே?

2015 நடுப்பகுதியோடு அது போய்விட்டது. விளையாட்டு உடுப்பு நிறுவனமான ரீபொக்குடன் யூஎப்சியே ஒப்பந்தம் போட்டு, எல்லாருக்கும் ஒரே உடுப்பு என்றாக்கியது. 2021 முதல் வெனம். இப்போது அந்த உடுப்புக்கு, எத்தனை சண்டை பிடித்தார் என்ற கணக்கில் காசு: முதல் மூன்று சண்டைக்கும் தலா 4,000 டொலர், சம்பியனுக்கு 42,000. முந்தி சொந்த ஸ்பொன்சரில் இதைவிடக் கூடுதலாக உழைத்தவர்கள் நடுத்தர வீரர்களிலேயே பலர் இருந்தார்கள்.

மட்டக்களப்பு நகரம்: பொக்சிங்கில் மட்டும் ஏன் இவ்வளவு காசு?

பொக்சிங்கிலும் அடிமட்டத்தில் இருப்பவர் பட்டினிதான். ஆனால் மேல்மட்டத்தில் ஒரு பெரிய வித்தியாசம். அமெரிக்காவில் 2000இல் வந்த முகமது அலி சட்டப்படி, ஒரு சண்டையில் தனக்கு எவ்வளவு வருமானம் என்பதை ஏற்பாட்டாளர் பொக்சருக்குச் சொல்ல வேண்டும். எம்எம்ஏ அந்தச் சட்டத்துக்குள் வராது. முதலாளிக்கு எவ்வளவு வருகிறது என்றே தெரியாமல் பேரம் பேசினால் எப்படி?

அமெரிக்காவின் கூடைப்பந்து, 'அமெரிக்கன் புட்போல்' லீக்குகளில் வருமானத்தில் பாதியளவு வீரர்களுக்குப் போகிறது. அங்கே சங்கம் இருக்கிறது. யூஎப்சியில் அது 20 சதவீதம் அளவில்தான் என்று வீரர்கள் போட்ட வழக்கில் வெளிவந்தது. 2014இல் தொடங்கிய அந்த வழக்கு 37.5 கோடி டொலர் சமரசத்தில் முடிந்தது, 2025 பெப்ரவரியில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. 2010 டிசம்பர் முதல் 2017 ஜூன் வரை சண்டை பிடித்தவர்களுக்கான காசு அது.

பிரான்சிஸ் கனூ யூஎப்சியில் சம்பியனாக இருந்து கடைசியாகப் பிடித்த சண்டைக்கு 6 லட்சம் டொலர் வாங்கினார். ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேறி, 2023 ஒக்டோபரில் ரியாத்தில் பொக்சிங் சம்பியன் டைசன் பியூரியோடு பொக்சிங். தோற்றார், ஆனால் அந்த ஒரு இரவில் முந்திய சம்பளத்தைப் போலப் பல மடங்கு வாங்கினார். எல்லாருக்கும் இப்படி வாய்க்காது. ஆனாலும் வெளியே போகும் கதவு திறந்திருந்தால் விலை ஏறும் என்பது உண்மை.

திருக்கோவில்: மனே, என்ட மகன் சண்டைக்குப் போறன் என்டு நிக்கான். துபாயில ஒப்பந்தம் எடுத்துத் தாறன், 5 லட்சம் கட்டுங்க என்டு ஒருத்தர் சொல்றார். கட்டலாமா?

கட்டாதீங்க அம்மா. வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சிக்குக் கட்டிப் பழகிய ஊர் என்பதால், இதையும் அப்படித்தான் என்று நினைக்க வைக்கிறார்கள். நேர்மையான மெனேஜர், வீரருக்குக் காசு வந்த பிறகு அதில்தான் தன் பங்கை எடுப்பார். முன்காசு கேட்கும் ஆளின் வருமானம் உங்கள் மகனின் சண்டையில் இல்லை, உங்கள் நகையில் இருக்கிறது. ஒப்பந்தத் தாளைக் கேளுங்கள், யாராவது சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

மகனுக்கும் ஒன்று சொல்லுங்கள்: முதலில் அமெச்சூர் சண்டைகள், கையில் ஒரு தொழில், அதன் பிறகுதான் காசுச் சண்டை. ஆசிய வீரர்களுக்கு 2022 முதல் 'ரோட் டு யூஎப்சி' என்ற போட்டி இருக்கிறது. இந்தியாவின் அன்சுல் ஜுப்லி 2023இல் அதை வென்றுதான் உள்ளே போனார். அங்கே அழைப்பு வருமளவுக்கு வெற்றிகள் சேர்க்கவே வருசங்கள் போகும். அதுவரை இந்த விளையாட்டு சோறு போடாது.

கல்முனை: எடை கூடினால் காசு வெட்டுவார்களா?

வெட்டுவார்கள். பேசிய எடையைத் தாண்டியவரின் இறங்கும் காசில் வழக்கமாக 20 அல்லது 30 சதவீதம் எதிராளிக்குப் போகும். யூஎப்சி சம்பியனாக இருந்த சார்ல்ஸ் ஒலிவேராவுக்கு 2022 மே மாதம் அரை இறாத்தல் கூடியதால் பட்டமே போனது.

வாழைச்சேனை: எதிராளி கடைசி நேரத்தில் விலகினால்?

எடை பார்க்கும் நாளில் வந்து நின்றவருக்கு, எதிராளி இல்லாமல் போனாலும் இறங்கும் காசைப் பெரிய நிறுவனங்கள் பல தடவை கொடுத்திருக்கின்றன. இரண்டு கிழமைக்கு முன் சண்டை நின்றால் பெரும்பாலும் ஒன்றும் வராது, பயிற்சிக்குச் செலவழித்தது நட்டம். சின்ன ஏற்பாட்டாளர்களிடம் எடை பார்த்த பிறகும் கையை விரிப்பவர்கள் உண்டு. ஆகவே என் பொடியன்மாரில் யாராவது ஒப்பந்தத் தாளோடு வந்தால், தொகையைப் பார்க்குமுன் சண்டை நின்றால் என்ன தருவார்கள் என்ற வரியைத்தான் தேடுவேன். அப்படி ஒரு வரி இல்லாவிட்டால், எழுதி வாங்கிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவேன்.