மனிதக்குரங்குகளின் கட்டைவிரல் எலும்புக்கு உள்ளே பார்த்தால் என்ன தெரியும்?

கேட்டவர் சந்தேகம் நியாயமானதுதான்: செத்துப்போன சிம்பன்சியின் எலும்பை அறுக்காமல், உள்ளே ஸ்கேன் மட்டும் எடுத்து, அது கட்டைவிரலை எப்படிப் பயன்படுத்தியது என்று சொல்ல முடியுமா?

நான் எக்ஸ்ரே எடுப்பவன், குரங்கு ஆய்வாளன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தின் பாதி என் வேலை மேசையிலேயே இருக்கிறது. இடுப்பு எக்ஸ்ரேவை விளக்குக்கு நேரே பிடித்தால், தொடை எலும்பின் கழுத்தில் மெல்லிய கோடுகள் வளைந்து ஓடும். எலும்புக்குள் இருக்கும் பஞ்சு போன்ற பகுதியின் இழைகள் அவை. உடம்பின் பாரம் எந்த வழியாக இறங்குகிறதோ, அந்த வழியில்தான் அடுக்கப்பட்டிருக்கும். எலும்பு மெலியும் முதியவர்களுக்கு இந்த வரிசைகள் ஒவ்வொன்றாக மறையும். எது மறைந்தது என்பதை வைத்தே மெலிவைத் தரம் பிரிக்கும் ‘சிங் குறியீடு’ 1970-இல் வந்தது.

பாரம் விழும் இடத்தில் இழை தடிக்கும், விழாத இடத்தில் கரையும். 1892-இலேயே யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதிவிட்டார். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதம் போலக் குறைவதும் இதனால்தான்.

சரி, குரங்குக்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் மனிதக்குரங்கின் கட்டைவிரல் பரிதாபமாக இருக்கும். மற்ற விரல்கள் நீளம், இது குட்டை. உராங்குட்டானுக்கு இன்னும் மோசம். உங்கள் கட்டைவிரலின் நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். அதை இழுக்க நமக்கென்று தனித் தசை ஒன்று முன்கையிலிருந்து வருகிறது. அவற்றுக்கு அப்படித் தனியாக வளர்ந்த தசை இல்லை. அதனால் ‘பெயருக்கு ஒரு விரல்’ என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் இந்த வெளி வடிவம் பெரும்பாலும் பரம்பரைச் சொத்து. அந்த ஒரு விலங்கு தன் வாழ்நாளில் கையை என்ன செய்தது என்பதற்குத்தான் உள்ளே போக வேண்டும்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சிம்பன்சியும் கொரில்லாவும் விரல் கணுக்களை ஊன்றி நடப்பவை. அந்த நடையின் தடம் நடுவிரலுக்குரிய உள்ளங்கை எலும்பின் தலையில் (விரலைச் சேரும் முனையில்), புறங்கைப் பக்கம் இழைகள் செறிந்து பதிந்திருக்கும். கிளையில் தொங்கும் உராங்குட்டானுக்கு அந்தச் செறிவு உள்ளங்கைப் பக்கமாக நகரும். கட்டைவிரலோ நடக்கும்போது தரையைத் தொடுவதே இல்லை. ஆகவே அதன் எலும்பில் இருப்பது பெரும்பாலும் மரம் ஏறியதும், கிளையைப் பற்றியதும், உணவைப் பிடித்ததும்தான். நடையின் பாரம் அதில் கலக்கவில்லை.

மனிதரிடமும், அழிந்துபோன நம் உறவினமான நியாண்டர்தாலிடமும் கட்டைவிரல் அடி எலும்பில் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து செறிந்திருக்கும். விரல்களுக்கு எதிரே வைத்து அழுத்தி அழுத்தி வந்த வினை. மனிதக்குரங்குகளிடம் அந்தச் சாய்வு அப்படி இருப்பதில்லை. 2015-இல் மாத்யூ ஸ்கின்னர், டிரேசி கிவெல் ஆகிய ஆய்வாளர்களின் குழு, 30 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆஸ்ட்ரலோபித்திக்கஸ் ஆஃப்ரிக்கானஸ் என்ற, மனிதக் கிளையைச் சேர்ந்த பழைய இனத்தின் எலும்புகளில் மனித மாதிரியான அமைப்பைக் கண்டது. அந்த ஆய்வு வெளிவந்த அதே இதழில் வேறு ஆய்வாளர்கள் மறுப்பும் எழுதினார்கள். 2020-இல் இன்னொரு ஆய்வு: தென்னாப்பிரிக்காவின் மலாப்பாவில் கிடைத்த, அதே ஆஸ்ட்ரலோபித்திக்கஸ் வகையில் இன்னொன்றான செடிபா இனத்தின் கட்டைவிரல் மனிதக் கணக்கில் சேர்ந்தது, மற்ற விரல்களோ கிளையைப் பற்றிய கணக்கில். ஒரே கையில் இரண்டு வேலை!

அப்புறம், இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இழை தடித்திருந்தால் பலமாக அழுத்தப்பட்டது என்று தெரியும். அழுத்தியது கிளையையா, கல்லையா என்று தெரியாது. ஐவரி கோஸ்ட் நாட்டில் ‘தாய்’ (Taï) என்ற பெயருள்ள காட்டில் சிம்பன்சிகள் கல்லால் கொட்டையை உடைத்துத் தின்கின்றன. அந்த ஒரு பழக்கத்தை மட்டும் எலும்பிலிருந்து பிரித்து எடுத்துக் காட்டு என்று என்னிடம் கேட்டால், நான் கையை விரித்துவிடுவேன்.