துடுப்பைத் தொடும் முன் விசாவைப் பாருங்கள், தம்பி

தம்பி, மெட்ராஸ் போட் கிளப்பில் துடுப்புப் போட்டவர், இந்த ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். படிக்க வருகிறீர்கள். அங்கே காலேஜ் ரோயிங் டீமின் கோச் ஒருவர், "வந்து சேர், காலையில் கோச்சிங்கில் உதவி செய், பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மெயில் போட்டிருக்கிறார். இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா, சம்பளம் எவ்வளவு வரும், குளிரைத் தாங்க முடியுமா, வீடு எங்கே பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றி அந்த ஊர் மாணவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். குளிருக்கு நல்ல ஜாக்கெட் வாங்குங்கள், போதும். எனக்கு வயிற்றைப் பிசைவது அந்த "பிறகு பார்த்துக்கொள்ளலாம்"தான்.

நீங்கள் வருவது எஃப்-1 என்ற மாணவர் விசாவில். படிப்பு நடக்கும் மாதங்களில் கல்லூரி வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வளாகத்துக்கு வெளியே தனி அனுமதி இல்லாமல் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்யவைக்கிற வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தாலும் அது வேலைதான். "நான் காசு வாங்கவில்லையே, சும்மா உதவிதானே செய்தேன்" என்ற பதில் அங்கே செல்லாது. முன்பு விளையாட்டில் முதல் பிரிவில் (டிவிஷன் ஒன்) இருக்கிற கல்லூரிகளில் சம்பளமில்லாத வாலன்டியர் கோச் என்று ஒரு இடமே இருந்தது. கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2023-ல் அதை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் யாராவது அப்படி உதவிக்குக் கூப்பிட்டால், யாரைக் கேட்டுக் கூப்பிடுகிறார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உங்களைக் கூப்பிட்டது பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ அணியான வார்சிட்டி டீமா, மாணவர்களே நடத்துகிற கிளப் டீமா? சட்டையும் படகின் நிறமும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும், வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. ஆனால் கிளப் டீம்கள் பலவற்றில் கோச்சுக்குப் பணம் பல்கலைக்கழகத்திலிருந்து வராது. பழைய மாணவர்கள் வைத்திருக்கும் தனி அமைப்பு கொடுக்கும். அப்படியென்றால் படகுகள் வைக்கிற போட்ஹவுஸ் வளாகத்துக்குள்ளேயே இருந்தாலும் அதை வளாக வேலை என்று நம்பி இறங்காதீர்கள். செக்கில் யார் பெயர் இருக்கும் என்று மெயிலிலேயே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நான் வந்தபோது எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆளில்லை. வடகிழக்குப் பக்கம் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டன்ட் வேலை, படிப்புக் கட்டணம் தள்ளுபடி, கையில் கொஞ்சம் உதவித்தொகை. ஒப்பந்தத்தில் 20 மணி நேரம். விடியற்காலை ஐந்தரைக்கு ஆற்றில் இருக்க வேண்டும், காற்று கிளம்புவதற்குள் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் நேரம் அதுதான். அது முடிந்தால் எனக்கு வகுப்பு, மதியம் புது மாணவிகளுக்கு எர்க் மெஷினில் (தரையில் வைத்துத் துடுப்புப் போட்டுப் பழகுகிற கருவி) பயிற்சி, சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மெயில், சனி ஞாயிறு ரேஸ். இது எங்கே 20-ல் அடங்கும்? வாரக் கடைசியில் ஹெட் கோச் நேரத்தாளை நீட்டி, "20 என்று போட்டுவிடு" என்றார். நான் போடவில்லை. உண்மையான கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனேன். அவருக்கு என் மேல் ஒரு சீசன் முழுக்கக் கோபம். ஆனால் காலை வேலை மட்டும் என்று எழுத்தில் வந்தது. என் கூடப் படித்த இன்னொரு நாட்டுப் பெண் பக்கத்து ஊர்ச் சிறுவர் கிளப்பில் ரொக்கமாக வாங்கிக்கொண்டு கோச்சிங் செய்தாள். விஷயம் வெளியே வந்து, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். என்னைவிடத் திறமைசாலி. இன்றைக்கும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "ரொக்கமா வாங்கிக்கோம்மா, எவன் பார்க்கப்போறான்" என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் எல்லாம் பெரிய கம்பெனிகளில் விசாவோடு வசதியாக உட்கார்ந்திருந்தவர்கள். சிக்கல் வந்தால் போவது அவர்கள் விசா இல்லையே! அதே ஆட்கள்தான் பொங்கல் விழாவில் பார்த்தால், "இன்னும் படகுதானா, எப்போ வேலைக்குப் போகப்போறே?" என்பார்கள். உங்களையும் கேட்பார்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தொழிலாக்க முடியுமா என்ற கேள்விக்கும் பதில் விசாவில்தான் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்று 12 மாதம் வேலை செய்ய விடுவார்கள். ஆனால் அந்த வேலை படித்த துறையோடு நேரடியாகத் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு ரோயிங் கோச் என்று காட்ட முடியாது. நான் உடற்பயிற்சி அறிவியல் படித்ததால் தப்பித்தேன். அதற்காக ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்டுக்கு மாறினால் அந்த 12 மாதத்தோடு சரி, கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கிடைக்கிற 24 மாத நீட்டிப்பு கிடைக்காது. வேலையில்லாமல் 90 நாளுக்கு மேல் இருக்கவும் முடியாது. கோச் வேலைகள் காலியாவது மே கடைசியில் சாம்பியன்ஷிப் முடிந்த பிறகுதான், அதனால் டிசம்பரில் பட்டம் வாங்குகிறவர்கள் திண்டாடுவார்கள்.

அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசா. பல்கலைக்கழகம் நேரடியாக வேலைக்கு எடுத்தால் வருடாந்தரக் குலுக்கல் கிடையாது, அது பெரிய நிம்மதி. ஆனால் கோச் வேலைக்குக் குறிப்பிட்ட பட்டப்படிப்பு கட்டாயம் தேவை என்று காட்ட வேண்டும், அங்கேதான் வக்கீல்கள் மல்லுக்கட்டுவார்கள். "ஊருக்குப் போய்விட்டு அங்கிருந்து வரலாம்" என்ற யோசனையும் எளிதல்ல. 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பு, வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கிற ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அசிஸ்டன்ட் கோச்சுக்காக எந்தக் கல்லூரி அவ்வளவு கட்டும்? கிரீன் கார்டு வரிசையில் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். பிரிட்டனிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த கோச்சுகளுக்கு அந்த வரிசை நம்மைப் போல நீளமில்லை. எனக்குப் பின்னால் வந்த அவர்கள் கார்டு வாங்கிக்கொண்டு ஹெட் கோச் ஆகிவிட்டார்கள். பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்கீடு வைத்திருக்கிற சட்டத்தின் மேல்தான் என் வருத்தம். அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

இவ்வளவு சொல்லியும் ஆசை விடவில்லை என்றால், வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெண்கள் டீம்களில். 1972-ல் டைட்டில் நைன் சட்டம் வந்து, ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் விளையாட இடம் தர வேண்டும் என்றானது. ஆண்கள் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால் டீம் ஒன்றே நூறு பேரை விழுங்கிவிடும், அதற்கு ஈடாகப் பெரிய பெண்கள் அணி வேண்டும். அதற்கு ரோயிங் வசதியாக அமைந்தது. பெண்களுக்கு 1997 முதல் என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப் நடக்கிறது. ஆண்கள் ரோயிங் அந்த அமைப்புக்கு வெளியே, 1895-ல் தொடங்கிய ஐ.ஆர்.ஏ. ரெகாட்டா என்ற படகுப் போட்டியை வைத்துத் தனியாக ஓடுகிறது, அங்கே இடமும் குறைவு.

அசிஸ்டன்ட் கோச் என்றால் லாஞ்சில், அதாவது கோச்சின் மோட்டார் படகில், நின்று மெகாபோனில் கத்துவது என்று நினைத்திருப்பீர்கள். அது ஒரு பங்குதான். பள்ளிப் பிள்ளைகளின் 2,000 மீட்டர் எர்க் நேரங்களைப் பார்த்து ஆள் பிடிப்பதும், படகுகளை ஏற்றிப்போகிற டிரெய்லரை ஓட்டுவதும்தான் மீதி. முதல் இலையுதிர்காலத்திலேயே டிரெய்லரைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொண்டேன். எட்டுப் பேர் படகை இரண்டாகப் பிரித்து ஏற்றி, துடுப்பைத் தாங்குகிற ரிக்கர்களைக் கழற்றி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அக்டோபர் இரவில் விரல் மரத்துப்போகும், கையிலிருந்து நழுவினால் புல்லில் தேட முடியாது என்பதற்காக 7/16 ஸ்பானரை ஷூ லேஸில் கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்வேன். இப்போது என் டீமில் எல்லோருமே அப்படித்தான் மாட்டுகிறார்கள். பாஸ்டனில் ஹெட் ஆஃப் தி சார்லஸ் படகுப் போட்டி நடக்கிற வார இறுதியில், அத்தனை டிரெய்லர்களுக்கு நடுவே என்னுடையதை ஒரே முறையில் இடத்தில் நிறுத்துவேன். பெரிய கோச்சுகளும் நின்று பார்ப்பார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இந்த விளையாட்டில் இடம் உண்டா என்ற தயக்கமும் உங்கள் கேள்வியில் தெரிந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1907-ல் கோச்சான ஹைரம் கோனிபேர், வரும்போது துடுப்பே பிடிக்கத் தெரியாதவர். உட்கார்ந்து கற்றுக்கொண்டு ஒரு பாணியையே உருவாக்கினார். அவருக்குப் படகு கட்டிக் கொடுத்த ஜார்ஜ் போக்காக் இங்கிலாந்திலிருந்து பிழைக்க வந்தவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய படகு அவர் பட்டறையில் செய்தது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் இந்த விளையாட்டு இடம் கொடுத்திருக்கிறது தம்பி. தடுப்பது விசாதான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் ஆறு உருகியதும் இறங்குவார்கள், தண்ணீர் பத்து டிகிரிக்கும் கீழே இருக்கும். அடையாற்றில் கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே ஏறலாம். இங்கே விழுந்த முதல் நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, பத்து நிமிடத்தில் கை பிடிமானத்தை இழந்துவிடும். லாஞ்ச் ஓட்டச் சொன்னால், எஞ்சினை நிறுத்துகிற கயிற்றை உடம்பில் மாட்டாமல் கிளப்பாதீர்கள், அது 2021 முதல் சட்டமும்கூட. படகில் உள்ள அத்தனை பேருக்கும் லைஃப் ஜாக்கெட் லாஞ்சில் இருக்கிறதா என்று நீங்களே எண்ணுங்கள்.

சம்பளம் கேட்டீர்கள். தொடக்கத்தில் சொற்பம், வாடகை போனால் மிச்சம் அதிகம் இருக்காது. இப்போதைக்கு அந்த கோச்சுக்கு ஒரு மெயில் போடுங்கள்: இது பல்கலைக்கழக வேலையா, சம்பளம் யார் தருவது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். பதிலை அப்படியே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பி, அவர்கள் சரி என்று எழுத்தில் சொன்ன பிறகு போட்ஹவுஸுக்குப் போங்கள். கோச் பதில் போடாமல் இழுத்தால் எனக்குச் சொல்லுங்கள், வேறு டீம் பார்க்கலாம்.